எங்கே கிடைத்தது?



தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர்களும் ஆசைக்காகப் பழம்பொருள் தேடுகிறவர்களும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இரு தரப்பாரும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், காசு சேர்க்கிற நண்பர்கள் மடியில் ஆல்பத்தோடு பின்வரிசையில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் மேடையிலிருந்து நன்றாகவே தெரிகிறது. நான் எந்தக் கட்சியிலும் இல்லாதவன். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து, விடுமுறையில் கல்வெட்டுப் படியெடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் இரு பக்கத்தாரையும் கொஞ்சம் கடிந்துகொள்ள உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சீமைக்கு ஒரு நடை போய்வருவோம். 1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்று ஒரு சிற்றூர். பீட்டர் வாட்லிங் என்ற குடியானவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். உலோகம் தேடும் கருவி வைத்திருந்த எரிக் லாஸ் என்ற நண்பரிடம் தேடித் தரச் சொன்னார். கருவி ஓரிடத்தில் சத்தம் போட்டது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகை, காசு காசாக வருகிறது. கொஞ்சம் எடுத்ததுமே லாஸ் கையை நிறுத்திக்கொண்டார். அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, மிச்சத்தை மண்ணோடு சேர்த்துக் கட்டி கட்டியாகப் பெயர்த்துக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள்.

ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள் கிடைத்தன. அவற்றைவிடப் பெரிய செய்தி, அவை எப்படி இருந்தன என்பது. மரப்பெட்டி மக்கிப் போயிருந்தது. ஆனால் பூட்டும் கீலும் இருந்த இடத்தை வைத்துப் பெட்டியின் நீள அகலம் தெரிந்தது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு இடையே வைக்கோலும் துணியும் திணித்துப் பொதிந்திருந்த தடயம் தெரிந்தது. அவசரத்தில் வாரிப் போட்டு ஓடியவன் புதைத்ததல்ல, நிதானமாகக் கட்டி வைத்துத் திரும்பி வருவோம் என்று நம்பியவன் புதைத்தது என்று சொல்ல முடிந்தது. லாஸ் இன்னும் அரை மணி நேரம் ஆசைப்பட்டிருந்தால் இதில் ஒன்றுமே தெரிந்திராது. காசு மட்டும் அதே 15,000 இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியில் நான்கு மிளகுப் பொடிக் குப்பிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அலங்காரம் செய்துகொண்ட ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம், வெள்ளியில் செய்தது. உள்ளே போட்ட மிளகு நம் மேற்கு மலைச் சரிவில் விளைந்தது. முசிறித் துறையில் கப்பலேறிய மிளகுக்கு விலையாக வந்த ரோமானியக் காசுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெள்ளலூர், கொடுமணல், கரூர் என்று கிழக்கே இறங்கியது. ஆக அந்தச் சஃபோக் வயலுக்கும் காவிரிக் கரைக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. (அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது.)

இப்படி எல்லாம் சுமுகமாக நடக்கிற நாடு அது என்று நினைத்துவிட வேண்டாம். 1980இல் அங்கே தொல்லியலாளர்கள் இந்தக் கருவிக்காரர்களுக்கு எதிராக ஒரு பெரிய பிரசாரமே நடத்தினார்கள். எண்பதுகளில் வான்பரோ என்ற இடத்தில் ஒரு பழைய கோயில் மேட்டை இரவோடிரவாகத் தோண்டி ஆயிரக்கணக்கான காசுகளைக் கொண்டுபோனார்கள். பழைய சட்டம் பல்லில்லாதது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1996இல் புதிய புதையல் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஒரு பதிவுத் திட்டம் தொடங்கியது. பொருளைப் பறிமுதல் செய்யாமல், கண்டவர் கொண்டுவந்து காட்டினால் படமெடுத்து, அளந்து, எங்கே கிடைத்தது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, புதையல் சட்டத்துக்குள் வராத பொருளை அவரிடமே திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. இதற்கென்றே வட்டாரம்தோறும் ஓர் அலுவலர். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. புதையல் என்று தீர்மானமானால் ஒரு குழு சந்தை விலையை மதிப்பிடும். அருங்காட்சியகம் அந்த விலையைக் கொடுக்கும். கண்டவரும் நிலத்துக்காரரும் பெரும்பாலும் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறார்கள்.

இனி நம் ஊர். சேலம், நாமக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவியும் காதில் ஒலிப்பானுமாகக் கடலைக் காட்டில் நடக்கும் பொழுதுபோக்கு கிடையாது. அந்தக் கருவியை இங்கே வாடகைக்கு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மந்திரவாதியையும் உடன் அழைத்துப்போகிற புதையல் கூட்டம். அவர்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை, அது போலீஸ் விவகாரம். நம்மிடம் இருக்கிற ஆர்வலர் வேறு இரு வகை. ஒருவர் காசு சேர்க்கிறவர், மற்றவர் கல் தேடுகிறவர். முதலாமவருக்குப் பின்னால் இன்னொருவர் உண்டு. அவர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அவர்தான் ஆற்று மணலைச் சலிக்கிறவர்.

பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் காவிரிக் கரையில் நின்றால் எதிர்க்கரை கரூர் மாவட்டம். அங்கே அமராவதி வந்து காவிரியில் கலக்கிறது. கோடையில் நீர் வற்றியதும் சல்லடையோடு ஆற்றில் இறங்கித் தங்கத் துணுக்குக்காக மணலைச் சலித்தவர்கள் கையில் எவ்வளவோ சிக்கியிருக்கிறது. ரோமானியக் காசு, சதுரச் செப்புக் காசு, பெயர் பொறித்த மோதிரம், மணி. கரூரில் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்திருக்கிறது. ஆனால் குழியில் கிடைத்த காசுகள் ஆற்றில் கிடைத்தவற்றோடு வைத்துப் பார்த்தால் சொற்பம். சங்க காலச் சேரர்களுக்கு எழுத்துப் பொறித்த காசு உண்டு என்று நாம் இன்று துணிந்து சொல்கிறோமே, அந்தத் துணிவு சல்லடையில் கிடைத்தது.

இதில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. பத்திரிகைக்காரர். தொல்லியல் பட்டம் வாங்கியவரல்லர். 1984இல் மதுரையில் வாங்கிய காசுகளுக்கு நடுவே ஒரு சதுரச் செப்புக் காசு. ஒரு பக்கம் குதிரை, அதன்மேல் தமிழ் பிராமியில் 'பெருவழுதி'. மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். சங்க காலப் பாண்டியருக்குத் தம் பெயர் பொறித்த நாணயம் இருந்ததா என்ற கேள்விக்கு அந்தச் சின்னச் செப்புத் துண்டு பதில் சொன்னது. கரூர் ஆற்றுக் காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களோடு மனிதத் தலை பொறித்த வெள்ளிக் காசுகளும், கொல்லிப்புறை, கொல்லிரும்புறை என்ற எழுத்துள்ள காசுகளும் வெளிவந்தன. கொல்லி என்றால் இந்த அரங்கத்தின் சன்னலைத் திறந்தால் தெரிகிற மலை! இரும்பொறைச் சேரர் அந்த மலையைத் தம் பட்டத்தில் சூடியிருந்தார்கள் என்று புலவர்கள் சொன்னதைக் காசு ஒப்புக்கொள்கிறது. கிரேக்க, பினீசியக் காசுகள் என்று இன்னொரு தொகுதியையும் கரூரிலிருந்து அவர் வெளியிட்டார்.

இந்தத் துறையே அப்படித்தான் வளர்ந்தது. நெல்லைக் காசுகளைப் பற்றி 1888இல் நூல் எழுதிய லோவந்தால் ஒரு பாதிரியார். பிறகு எழுதிய தேசிகாச்சாரி ஒரு வக்கீல். தமிழ் பிராமிக்கு வாழ்நாளைக் கொடுத்த ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தொழில்முறைத் தொல்லியலாளர்கள் இவர்களை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டு நாணய வரலாற்றை ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

ஆனால் ஆற்றுக் காசில் ஒரு குறை இருக்கிறது. பட்டா இல்லாத நிலத்தை உழுது சாப்பிடலாம், உரிமை என்று வாதாட முடியாது. இடம் தெரியாத காசும் அப்படித்தான். எந்த மண்ணடுக்கில் இருந்தது, பக்கத்தில் என்ன பானை ஓடு இருந்தது, அதோடு சேர்ந்து வேறு என்ன கிடந்தது என்று ஒன்றும் சொல்லாது. காலத்தை எழுத்தின் அமைப்பை வைத்தே கணிக்க வேண்டும். எழுத்தின் காலத்தைக் காசை வைத்துக் கணிப்பவரும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. போதாததற்குக் காசுக்கு விலை ஏறியதும் போலிகளும் வந்துவிட்டன. ஆற்றில் கிடைத்தது என்ற ஒரே சொல்லோடு வருகிற அசலையும் போலியையும் பிரித்தறிவது எளிதல்ல.

பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கிடைத்த செப்புக் காசைப் புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். செம்பின் மேல் படிந்திருந்த பச்சைக் களிம்போடு பாதி எழுத்தும் போயிருந்தது. புளி போடாதீங்க என்றதற்குத் தலையாட்டினார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"ஆத்துலதானுங்க."

"ஆத்துல எந்த எடத்துலங்க?"

"அதைச் சொன்னா நாளைக்கு அந்த எடம் எனக்கு இருக்காதுங்களே."

நியாயமான பதில். போட்டிக்காரர் வருவார், வியாபாரி நேரே போய்விடுவார், எல்லாவற்றுக்கும் மேல் தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வரும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறதா என்று சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

நமக்கிருப்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்துகிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்று நான்கையும் எழுத வேண்டும். பொருளைக் கருவூலத்தில் கட்ட வேண்டும், அல்லது ஜாமீன் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமை கோருவோர் வரலாம் என்று கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாரும் வராவிட்டால் கண்டவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்று ஏற்கெனவே அவர்களுக்குள் ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பங்கிடுகிறது சட்டம். அரசே எடுத்துக்கொள்வதானால் அந்த உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

உலோகத்தின் மதிப்பு! வெள்ளைக்கார அதிகாரி தங்கக் குடத்தை மனத்தில் வைத்து எழுதிய வரி இது. தங்கத்துக்கு இது மோசமில்லை. மாக்கோதைக் காசில் இருப்பது சில கிராம் வெள்ளி. பெருவழுதிக் காசில் இருப்பது துளிச் செம்பு. பழைய இரும்புக் கடையில் போட்டால் டீச் செலவுக்கு ஆகாது. வியாபாரியோ அதே காசுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பார். கலெக்டர் ஆபீசுக்கு நான்கு முறை பஸ் ஏறி, நான்கு மேசை பார்த்து, ஆறு மாதம் காத்திருந்து, செம்பு விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முழுசாக வாங்க முடியாத ஒருவரிடம் நாட்டுப்பற்றை எதிர்பார்ப்பது நமக்கே வெட்கமாக இருக்க வேண்டும். சட்டத்தில் 'இடம்' என்ற சொல் இருக்கிறது. அந்த இடத்தைச் சொல்ல வைக்கும் வழிதான் அதில் இல்லை.

பெரிய பொருளில் இந்தச் சட்டம் ஓரளவு நடக்கிறது. கோயில் வளாகத்தில் கடைக்கால் தோண்டும்போது ஐம்பொன் சிலை வந்தால் ஊரே கூடிவிடும், ஒளிக்க முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் பல அப்படி வந்தவை. ஊர் பார்க்காத நேரத்தில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தூர் நடராசர் சாட்சி. 1976இல் ஒரு கூலித் தொழிலாளி தம் குடிசையருகே மண் தோண்டும்போது கிடைத்தார் அந்த நடராசர். கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போனார். அங்கே வழக்கு நடந்தது. அப்போது நம் டாக்டர் இரா. நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991இல் சிலை திரும்பி வந்தது. யாராவது நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தால் அந்தச் சாட்சியில் ஒரு பகுதி சாக்கடையில் போயிருக்கும்.

இப்போது கல் தேடுகிறவரிடம் வருகிறேன். இங்கே கதை முற்றிலும் வேறு. தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' என்ற இதழை நடத்துகிறது. அதைப் புரட்டுங்கள். புதிய கல்வெட்டைக் கண்டறிந்தவர்களில் பள்ளி ஆசிரியர் இருப்பார், தபால்காரர் இருப்பார், ஊராட்சி எழுத்தர் இருப்பார். அவர்கள் கொண்டுவந்த படியைப் பேராசிரியர்கள் திருத்தி வாசித்து, கண்டவர் பெயரோடு அச்சிடுகிறார்கள். நம் வட்டாரத்தில் ஆறகளூர், ஆத்தூர், தலைவாசல் பக்கமும் கல்வராயன் அடிவாரத்திலும் நடுகல்லும் ஏரிக் கல்வெட்டும் வெளிச்சத்துக்கு வந்ததில் உள்ளூர்க்காரர் நடந்து தேடியதன் பங்கு பெரிது. கீழடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்ததைப் பார்த்துத் துறைக்கு எழுதியவர் அங்கிருந்த பள்ளி ஆசிரியர் பாலசுப்பிரமணியம். அகழாய்வு நடக்க 2014-15 ஆயிற்று, அது வேறு சங்கதி.

காசுக்காரரும் கல்காரரும் ஒரே ஊர், ஒரே ஆர்வம், சில சமயம் ஒரே ஆள். பின் ஏன் கல்லில் ஒத்துழைப்பு நடக்கிறது, காசில் நடக்கவில்லை? என் கணக்கில் விடை எளிது. நடுகல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடியாது. கல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அதற்குச் சந்தை விலை சொல்ல ஆளில்லை. பார்த்தேன் என்று சொன்னால் யாரும் கைது செய்யமாட்டார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். இடத்தைச் சொன்னால்தான் பெயர் கிடைக்கும். காசில் இடத்தைச் சொன்னால் எல்லாம் போய்விடும். குணம் ஒன்றுதான், ஏற்பாடுதான் வேறு.

இதில் இன்னொரு ஆர்வலரையும் சொல்ல வேண்டும். அவர் ஏற்காட்டில் குடியிருந்தவர். ராபர்ட் புரூஸ் ஃபூட். சம்பளம் வாங்கிய வேலை புவியியல் அளவைத் துறையில், பாறைகளைப் பார்ப்பது. கற்கருவி தேடியது சொந்த ஆசை. 1863 மே 30இல் பல்லாவரத்தில் அவர் பொறுக்கிய ஒரு கற்கருவி இந்தியாவின் பழங்கற்காலத்துக்குக் கதவைத் திறந்தது. ஓய்வு பெற்ற பின் சேர்வராயன் மலையில் தங்கி 1912இல் இறந்தார். அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. அவர் இறந்த பிறகு இரண்டு தொகுதிகளாக அதன் பட்டியலும் குறிப்பும் வெளிவந்தன. சேகரிப்பின் இன்றைய மதிப்பு அழகிலா இருக்கிறது? ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எந்த நிலையில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்ததில் இருக்கிறது. ஆசைக்குத் தேடியவர்தான், ஆனால் முகவரி இல்லாமல் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

மலைக்காரர்கள் வழுவழுப்பான கற்கோடரிகளை எடுத்து மரத்தடியில் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுகிறார்கள். சேர்வராயனிலும் கல்வராயனிலும் இன்றும் பார்க்கலாம். அவற்றை அங்கேயே படம் பிடித்து அளந்து குறித்துக்கொண்டால் போதும், எடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. புதிய கற்காலத்தவன் செய்ததை நாலாயிரம் ஆண்டு கழித்து ஒருவன் மழைக்கு ஒதுக்கிப் பாதுகாக்கிறான் என்றால், அது அருங்காட்சியகத்தின் அலமாரிக்குக் குறைந்ததல்ல.

சேலத்துக்கே உரிய பொருள் இரும்பு. அதில்தான் நாம் அதிகம் இழந்துகொண்டிருக்கிறோம். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டித் தெலுங்கனூர், மாங்காடு என்று இரண்டு ஊர்கள். அங்கே பெருங்கற்காலத்து ஈமக்குழிகள் கலைந்து கிடந்தன. தெலுங்கனூர்க் குழியிலிருந்து வந்த ஒரு இருபக்கக் கூர் வாளைப் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்ட மூவர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். உயர்கரிம எஃகு. கரியில் காய்ந்த இரும்பு அந்தக் கரியின் கார்பனில் கொஞ்சத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், அதை அளந்து காலம் கணிக்கலாம். தெலுங்கனூருக்குக் கிடைத்த காலம் கி.மு. 15 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள். மாங்காட்டு இரும்புக்கு அதற்கும் சற்று முன். தமிழக இரும்பின் தொன்மை பற்றி 2025 சனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கையில் சிவகளையோடு இந்த மேட்டூர்க் கரை ஊர்களும் இடம்பெற்றன.

கவனியுங்கள், அவை கலைந்த குழிகள். எரித்த கரியே முன்னூறு ஆண்டு வயதான மரத்தினுடையதாக இருந்தால் காலம் பின்னே போய்விடும் என்று ஆட்சேபம் சொல்வோர் உண்டு. கலையாத குழியாக இருந்தால் அதே குழியின் நெல்லையோ எலும்பையோ கொண்டு சரிபார்த்துவிடலாம். குழியைக் கலைத்தவர் யார் என்று தேட வேண்டாம். பாண்டியன் குழி என்று ஊரார் சொல்லும் ஈமக்குழியில் தங்கம் இருக்கும் என்று நம்பியவராகவும் இருக்கலாம், வண்டல் அள்ளிய ஜேசிபியாகவும் இருக்கலாம், அலையாகவும் இருக்கலாம். துருப்பிடித்த வாளைப் பார்த்தவர்கள் அதைப் பழைய இரும்பென்றே நினைத்திருப்பார்கள். எடைக்குப் போன வாள்கள் எத்தனையோ.

சரி, கருவியை இங்கேயும் அனுமதித்து, பயிற்சி கொடுத்து, சங்கம் வைத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பொதுவாக வேண்டாம். இங்கிலாந்தில் கருவிக்காரர்கள் தேடுவது பெரும்பாலும் நூற்றாண்டுகளாக உழுது புரட்டிய மேல்மண்ணில். அங்கே பொருள் ஏற்கெனவே தன் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. நம் செம்மண் காட்டில் கல்வட்டத்துக்குள் கருவி சத்தம் போட்டால் அது ஈமப்பேழைக்குள் இருக்கும் கத்தி. அதை எடுக்க வேண்டுமானால் குழியை உடைக்க வேண்டும். இன்னொன்று, கஞ்சமலைச் சுற்றுவட்டாரத்தில் கருவி பாவம் என்ன செய்யும்? மலையே காந்த இரும்புப் பாறை. ஓடையில் கறுப்பு மணல். பழைய உலைக்களங்களின் கிட்டம் காடெல்லாம் இறைந்து கிடக்கிறது. கண்ட இடத்திலெல்லாம் கத்திக்கொண்டேயிருக்கும்.

ஆனால் கருவியையே வெறுக்கிறவனல்லன் நான். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை 1983இல் காட்டுத்தீ எரித்துப் புல்லில்லாமல் ஆக்கியது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் கருவிக்காரர்களைத் தொண்டர்களாக அழைத்தார்கள். வரிசையாக நடப்பார்கள், சத்தம் வந்த இடத்தில் கொடி நடுவார்கள், தோண்டமாட்டார்கள். பின்னால் வருகிறவர் தோண்டுவார், அடுத்தவர் அளந்து குறிப்பார். ஒவ்வொரு தோட்டாவின் இடமும் வரைபடத்தில் ஏறியபோது, 1876இல் எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே சொல்ல முடிந்தது. அதற்கு முன்பு எழுதிய கதைகள் பல மாறின. நம் கொங்குநாட்டிலும் அப்படிப்பட்ட இடம் உண்டு. ஓடாநிலையில் தீரன் சின்னமலை கம்பெனிப் படையோடு மோதியதைப் பாட்டாகவும் கதையாகவும் பேசுகிறோம். 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். எந்த மேட்டில் யார் நின்றார்கள் என்று ஈயக் குண்டு சொல்லும். உரிமம் பெற்ற ஒரு குழுவின் கீழ் ஆர்வலர்கள் கொடி பிடித்து நடக்க ஓடாநிலைக் காடு பொருத்தமான இடம். மண்ணில் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டியிருக்காது.

தொழில்முறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்வலர் அவசரப்பட்டு, படித்து முடிக்குமுன்பே பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துவிடுகிறார் என்பது உங்கள் குறை. உண்மைதான். தேதியை ஐந்நூறு ஆண்டு தள்ளிப் போட்ட செய்திகளை நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் அவர் உங்களிடம் தகவல் சொன்னால் என்ன ஆகிறது? ஆதிச்சநல்லூரில் 2004, 2005இல் நடந்த அகழாய்வின் அறிக்கை வெளிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது, அதுவும் நீதிமன்றம் கேட்ட பிறகு. பெரிய தளத்துக்கே அப்படியென்றால், மோகனூர்க்காரர் கொண்டுவந்து காட்டிய ஒரு காசுக்கு என்று ரசீது வரும்? 'கள ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று கட்டுரையில் எழுதுகிறீர்கள். கண்டறிந்தவருக்கு வீடும் பெயரும் உண்டு.

மேட்டூர் அணையைக் கட்டி முடித்தது 1934இல். 83 ஆண்டுக்குப் பிறகு 2017 கோடையில்தான் முதன்முறையாக அதில் தூர்வாரும் வேலையை அரசு தொடங்கியது. விவசாயிகள் வண்டலை வயலுக்கு அள்ளிப் போகலாம் என்று அனுமதி தந்தார்கள். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். எல்லோரும் போய்ப் படமெடுத்துவருவோம். அதே நீர் இறங்கும்போது ஈமக்குழிகளும்தான் தலைகாட்டுகின்றன. வண்டல் அள்ள ஒவ்வொருவரும் வாங்குகிற அனுமதிச் சீட்டில் எங்கே அள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வழியாகத்தான் அந்தச் சீட்டு போகிறது. சட்டம் கேட்கிற 'இடம்' அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சீட்டின் பின்பக்கம் மூன்று வரி அச்சடித்தால் என்ன? பானையோ இரும்போ மணியோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் அள்ளுவதை நிறுத்துங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அலைபேசியில் ஒரு படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று. அந்த எண்ணை எடுக்கிறவர் காவல்துறைக்காரராக இருக்கக்கூடாது. சேலத்துக்கு ஒருவர், நாமக்கல்லுக்கு ஒருவர் போதும். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர் இருக்கிறோம். அவர் பேசும் முதல் வாக்கியம் 'கொண்டுவந்து ஒப்படையுங்கள்' என்பதாக இல்லாமல், 'எங்கே கிடைத்தது, நான் வந்து பார்க்கிறேன்' என்பதாக இருக்க வேண்டும். பொருளின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். உலோக விலையோடு ஐந்தில் ஒரு பங்கு என்ற வரியைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அது எப்போது நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சீட்டின் பின்பக்கத்தை அச்சடிக்கக் கலெக்டர் ஒருவரே போதும். முன்வரிசையில் இருக்கும் வருவாய்த் துறை நண்பர்கள் அவரிடம் சொல்வார்கள் என்று நம்புகிறேன். மாக்கோதைக் காசைப் பார்க்க விரும்புகிற மாணவர்கள் பின்வரிசைக்குப் போகலாம். ஆல்பக்காரர்கள் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.